கொடுத்தனுப்பிய பை

ஜப்பான் போய் வந்ததிலிருந்து போர்ட் பிளேயரில் எங்கள் பத்துபஸ்திப் பகுதியில் எனக்குச் சம்பளமில்லாத டிராவல் ஏஜென்ட் வேலை. பால் வாங்கப் போனால் ஒருவர் நிறுத்துகிறார், ரேஷன் கடையில் இன்னொருவர். போன வாரம் ஷாதிபூரிலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோ பிடித்து வந்து, சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க அக்கா" என்றது. நானும் சொல்கிறேன். எனக்குச் சொல்வது பிடிக்கும். இருபது வருடமாக அரசுப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருப்பவள் எதிரே யாராவது நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

விசாவுக்குப் பாஸ்போர்ட்டைச் சென்னைக்கு அனுப்பும்போது மழைக்காலமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். இங்கே மழை பிடித்தால் தபாலுக்கும் காய்ச்சல் வந்துவிடும். கயிறு கட்டும் ஷூ வேண்டாம், சும்மா காலை நுழைத்துக் கழற்றுகிற மாதிரி வாங்குங்கள். அங்கே விடுதியிலும் சில சாப்பாட்டுக் கடைகளிலும் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். ஓட்டையில்லாத சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் ஜப்பானைப் பார்த்த அளவுக்கு அவர் கண் பார்த்திருக்காது. தெருவில் குப்பைத்தொட்டி தேடாதீர்கள், கிடைக்காது. பைக்குள் ஒரு பாலிதீன் கவர் வைத்து, குப்பையை அறை வரைக்கும் சுமந்து வாருங்கள். ரயிலில் போனில் சத்தமாகப் பேசாதீர்கள். மே மாதம் முதல் வாரம் மட்டும் போகவே போகாதீர்கள். அந்த நாட்டுக்கே அப்போது வரிசையாக விடுமுறை, எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இது தெரியாமல் நாங்கள் அந்த வாரத்தில்தான் போனோம்.

எல்லாம் எழுதி முடித்து, டீ குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, வாசலில் நிறுத்தி ஒன்று சொல்வேன். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள், அதை யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். "மருந்தைப் போய் யாராவது கொடுத்தனுப்புவாங்களா அக்கா?"

நான் கொடுத்தனுப்பினேன்.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒன்பது வயதில் ஒரு வாரம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். வெயில் என்று நினைத்தோம். பிறகு வாந்தி எடுத்தாள், மூச்சில் பழுத்த பழத்தின் வாடை அடித்தது, காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐசியு கதவுக்கு வெளியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை நோய், குழந்தைகளுக்கு வருகிற வகை, ஆயுசு முழுக்க இன்சுலின் ஊசி என்றார்கள். அவள் உடம்பு தானாக ஒரு சொட்டு இன்சுலின்கூடச் சுரக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒரு ஊசி, படுக்கும்போது வேறு ஒரு ஊசி. ஊசி இல்லாமல் ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும். ஒரு நாள் முழுக்க ஊசியே இல்லை என்றால் மறுபடி அந்தக் கதவுதான்.

அதன்பிறகு பள்ளியில் அவளைப் பிக்னிக்குக்குக்கூட அழைத்துப் போகப் பயந்தார்கள். ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம், உங்கள் பெண் வேண்டாம், ரிஸ்க் என்றார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளி அது, என் மேஜைக்கு வந்தே சொன்னார்கள். நான் போட்ட சண்டை இன்றைக்கும் அங்கே பேசப்படுகிறது. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும்தான், "ஏன் ஹேவ்லாக்? ஜப்பானுக்கே கூட்டிட்டுப் போங்க. இன்சுலின் கையில இருந்தா அவ எங்கயும் போகலாம்" என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னது. இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஜப்பான், ஜப்பான் என்று மூன்று வருடம்.

அந்த டாக்டரேதான் கிளம்பும்போது சொன்னார், இன்சுலினை இரண்டாகப் பிரித்துப் பாதி அம்மா பையில், பாதி அப்பா பையில் வையுங்கள் என்று. எனக்கு அது சரிப்படவில்லை. என் வீட்டுக்காரர் அரசுப் படகுகளில் என்ஜின் டிரைவர். என்ஜினில் ஒரு நட்டு தளர்ந்தால் அவர் காதுக்குத் தெரியும், தோளில் மாட்டிய குடை எங்கே போனது என்று தெரியாது. அந்த மனிதர் கையில் பாதி உயிரைக் கொடுக்கவா? எல்லாப் பேனா ஊசிகளையும், ஸ்பேர் உட்பட, சூடேறாமல் வைக்கிற ஒரு சிவப்புப் பைக்குள் போட்டு என் தோளில் மாட்டிக்கொண்டேன். சர்க்கரை பார்க்கிற மீட்டரும் குளுக்கோஸ் மாத்திரையும் மட்டும் மகளின் பையில். விமானத்தில் தூங்கும்போதும் அந்தப் பை என் மடியில் இருந்தது. ஏர்ஹோஸ்டஸ் மேலே வைக்கச் சொன்னபோது நான் பார்த்த பார்வையில் அவள் மறுபடி வரவில்லை.

முதல் ஐந்து நாள் நன்றாகத்தான் போனது. ஒரு பெரிய நகரத்தில் மூன்று நாள், பிறகு கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர். அங்கிருந்து ஒரு சின்னத் தீவுக்குப் படகில் போவது என் வீட்டுக்காரரின் ஆசை. தீவிலேயே பிறந்து, தீவிலேயே படகு ஓட்டி, காசு செலவழித்து ஜப்பான் போய் அங்கேயும் தீவு பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "அவன் என்ஜின எப்படி வச்சிருக்கான்னு பாக்கணும்ப்பா" என்றார். மலைக்கோயிலுக்குப் போன இடத்திலும் ஜெனரேட்டர் அறையைத் தேடுகிற ஆள், என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு ஏழு மணிக்கு விடுதியில் மகள் ஊசி போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டை முடித்தாள். எட்டு மணிக்கு ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, வந்துவிட்டோம். படகு எட்டரைக்கு. விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. மூன்று டிக்கெட்டும் என் வீட்டுக்காரர் கையில். மதியத்துக்கு அங்கே என்ன கிடைக்குமோ என்று, ஜெட்டிக் கடையில் சோற்று உருண்டை வாங்கலாம் என வரிசையில் நின்றேன். "நீங்க ஏறி எடம் புடிங்க, நான் வந்துர்றேன்" என்று இருவரையும் அனுப்பினேன்.

வரிசை நீளம். ஆனால் நான் அவசரப்படவில்லை. கண்ணெதிரே படகு நிற்கிறது, கயிறு கட்டியிருக்கிறது, கார் ஏறும் பலகை தரையில் கிடக்கிறது. எங்கள் ஊரில் படகு கிளம்புவதென்றால் அது ஒரு திருவிழா. முதலில் ஹாரன். பிறகு யாரோ யாரையோ சீக்கிரம் வரச்சொல்லி ஹிந்தியில் கூப்பிடுவார்கள். "ஏ சாச்சா, ஜல்தி ஆவோ!" பிறகு கோழிக்கூண்டோடு ஒருவர் ஓடி வருவார், அவருக்காகப் பலகையை மறுபடி போடுவார்கள். ஆறு மணி படகு ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் சரியான நேரம். அந்த நம்பிக்கையில் சால்மன் மீன் வைத்தது இரண்டு, பிளம் ஊறுகாய் வைத்தது ஒன்று என்று நிதானமாகப் பொறுக்கினேன்.

திரும்பிப் பார்த்தால் பலகை மேலே போய்க்கொண்டிருந்தது. ஹாரன் இல்லை, கூச்சல் இல்லை. கடிகாரம் எட்டரை. ஓடினேன். தொப்பி போட்ட ஜெட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. எங்கள் ஊர்க்காரன் என்றால் திட்டுவான், நானும் திட்டுவேன், நடுவில் படகு நின்றுவிடும். மேல்தட்டில் என் வீட்டுக்காரர் கையசைத்துச் சிரித்தார். பக்கத்தில் மகள் சிரிக்கவில்லை. அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் இன்சுலின் முழுக்க என் தோளில்.

இனி நான் செய்ததைப் புரிந்துகொள்ள எங்கள் அந்தமானில் இருக்கிற லாங் ஐலண்ட் என்ற தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா அங்கே இருக்கிறார். அங்கே கூரியர் கிடையாது. அந்த அண்ணிக்குப் பிரஷர் மாத்திரை, ஜாக்கெட் துணி, மிக்ஸி ஜாடியின் ரப்பர் வளையம் எது வேண்டுமானாலும், போர்ட் பிளேயரில் ஜெட்டிக்குப் போவோம். லாங் ஐலண்ட் போகிற யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து, இந்தப் பையைக் கொண்டுபோவீர்களா, அங்கே ஜெட்டியில் அக்கா நிற்பார் என்று ஹிந்தியில் கேட்போம். "பையா, யே பேக் லே ஜாவோகே? ஜெட்டி பே தீதி கடி ரஹேகி." அவரும் சரி என்று வாங்கிக்கொள்வார். அண்ணிக்குப் போன் போட்டு, "நீலச் சட்டை போட்ட பெங்காலி ஒருத்தர், மீசை இருக்கு" என்றால் போதும். அங்கிருந்து நண்டும் வாழைத்தாரும் அதே வழியில் வரும். எங்களுக்கு டிக்கெட் கிடைக்காத நாளில்கூடப் பைக்கு இடம் கிடைக்கும். இத்தனை வருடத்தில் ஒரு பை தொலைந்ததில்லை. தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வியே கிடையாது. படகில் போகிறவர் எல்லோரும் தபால்காரர்தான்.

ஜப்பானில் அந்த ஜெட்டியில் அடுத்த பெரிய படகு பத்து இருபதுக்கு என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. நிதானமாக யோசித்தால் ஒன்றும் ஆபத்தில்லை. பத்து இருபதுக்கு ஏறினால் பதினொன்று இருபதுக்கு அங்கே போய்விடலாம், அவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். ஆனால் எங்களுக்கு அடுத்த படகு என்றால் நாளைக்கு என்று பொருள். காற்று எழும்பினால் மூன்று நாள். அந்தக் கணத்தில் என் புத்தி போர்ட் பிளேயரில்தான் நின்றது. பக்கத்து மேடையில் அதே தீவின் பெயர் எழுதிய சின்ன வேகப்படகு ஒன்று ஒன்பது பத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. கவுண்டருக்கு ஓடினேன். அந்தப் பெண் வருத்தமாகச் சிரித்து, அதே பெருக்கல் குறியைக் காட்டினாள். இடம் இல்லை. ஏறுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள்.

வரிசையில் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் தொப்பி, கையில் ஏதோ துணி மூட்டை. முகம் நல்ல முகம். லாங் ஐலண்ட் படகில் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். போனில் மகளின் படத்தைக் காட்டினேன். "டாட்டர். தேர். ஜெட்டி. கிவ், ப்ளீஸ்." சிவப்புப் பையை அவர் கையில் வைத்து அழுத்தினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார். பின்னால் நின்றவர்கள் நகர்ந்தார்கள், வரிசை அவரை உள்ளே கொண்டுபோயிற்று. ஐந்து நாள் தூக்கத்திலும் மடியைவிட்டு இறக்காத பையை ஐந்து நொடியில் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தவுடன் பெரிய நிம்மதி. அதுதான் கொடுமை. எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாக்கெட் வைஃபைதான் வாடகைக்கு எடுத்திருந்தோம், அதுவும் என் வீட்டுக்காரரோடு போய்விட்டது. (ஆளுக்கு ஒரு சிம் வாங்குங்கள். இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.) ஜெட்டிக் கட்டடத்தில் இலவச வைஃபை பிடித்து அவரைக் கூப்பிட்டேன்.

"பைய குடுத்து அனுப்பிட்டேங்க. மஞ்சத் தொப்பி போட்ட அம்மா. சின்ன படகுல ஒம்பதே முக்காலுக்கு வரும். ஜெட்டியிலயே நில்லுங்க."

"டீக் ஹை, நிக்கிறோம்" என்றார். அவருக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. அவரும் லாங் ஐலண்ட்காரர்தானே.

டீ மாதிரி ஏதோ ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டு, ஜப்பானும் நம்ம ஊர் மாதிரிதான் என்று எனக்குள் மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"படகு வரலப்பா."

"லேட்டா இருக்கும்."

"லேட்டு இல்ல. இந்த ஜெட்டிக்கு அந்த படகு வர்றதே இல்லையாம். கவுண்டர்ல இருக்குற பொண்ணு மேப்ப காட்டுது. இந்தத் தீவுல மூணு ஜெட்டி இருக்காம். அந்தப் படகு மலைக்கு அந்தாண்ட பக்கம் போவுதாம்."

எனக்கு ஒரு விநாடி புரியவே இல்லை. அவ்வளவு சின்னத் தீவுக்கு மூன்று ஜெட்டி எதற்கு? லாங் ஐலண்டுக்கு ஒரு ஜெட்டிதான். நான் போய் வந்த சின்னத் தீவுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். படகில் ஏறினால் அங்கே இறங்குவார்கள், வேறு எங்கே இறங்குவார்கள்? புரிந்தபோது, அந்த அம்மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பெயர் தெரியாது, போன் நம்பர் கிடையாது, பேசிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மஞ்சள் தொப்பி என்பது மட்டும் தெரியும்.

"நீ டென்ஷன் ஆவாத. அந்தப் பொண்ணு அந்த ஜெட்டிக்கு போன் பண்ணிக்கிட்டு இருக்கு" என்றார். பிறகு மகள் போனை வாங்கினாள்.

"அம்மா, எனக்கு இப்ப சுகர் எரநூத்தி பன்னண்டு. நான் எதுவும் சாப்புடல. தண்ணி மட்டும் குடிக்கிறேன்."

"பசிக்குதாடி?"

"இல்ல" என்றாள். மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "பசிச்சாலும் சாப்புட மாட்டேன். நீ அடுத்த போட்ட விட்றாத" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பெண் எனக்குப் புத்தி சொல்கிறாள். நான் இந்த முறை போனை வைத்ததுமே புது டிக்கெட் வாங்கிக்கொண்டு, கார் ஏறும் பலகையருகில் போய் நின்றுகொண்டேன். நான் மூட்டிய தீக்கு நான்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். பத்து இருபதுக்குப் படகு கிளம்பியது, வைஃபை அறுந்தது. அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கடல் குளம் மாதிரி கிடந்தது. சுற்றி எல்லோரும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள், குழந்தைகளுக்கு ஊட்டினார்கள். என் மடியில் மூன்று சோற்று உருண்டை. அவற்றைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. இவற்றை வாங்கத்தானே நின்றேன். இன்சுலின் கிடைக்காவிட்டால் அவள் இதில் ஒன்றைத் தொட முடியாது. தீவில் ஆஸ்பத்திரி இருக்குமா, விடுமுறையில் திறந்திருக்குமா, நம்ம ஊர் ஊசியின் பெயர் அவர்களுக்குத் தெரியுமா? ராத்திரி ஊசிக்குள் கிடைக்காவிட்டால்? மூச்சில் அந்தப் பழ வாடை என் மூக்குக்கு வந்துவிட்டது. அந்த ஐசியு கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள், கீழே ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. அதெல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவள் நான். ஒரு சான்றிதழைக் கையெழுத்து இல்லாமல் யாரிடமும் கொடுத்ததில்லை. பிக்னிக் அழைத்துப் போகமாட்டேன் என்ற டீச்சரைப் பார்த்து, "என் புள்ளைய உங்க பயத்துக்குப் பலி குடுக்கிறீங்களா?" என்று கேட்டவள். குடையைத் தொலைக்கிறவர் என்று வீட்டுக்காரர் பையில் நான் பாதியைக்கூட வைக்கவில்லை. பாதியை வைத்திருந்தால் இப்போது மகள் அவர் பையிலிருந்து எடுத்துப் போட்டிருப்பாள், நான் மூன்று உருண்டையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். தொலைத்தது யார்? நான். காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் என் அம்மா ரப்பர்ப் பால் வாளி தூக்கிய காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பெண்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று ஒரு கர்வம் எனக்கு. அன்றைக்கு அந்தக் கர்வம் இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் குடும்பம் சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கூடவே கூட்டிவந்த மாரியம்மாவை வேண்டினேன். உனக்கு இந்த ஊர் தெரியுமோ தெரியாதோ, எப்படியாவது வந்து சேர் என்று வேண்டினேன்.

தீவு நெருங்கியதும் முன்பக்கக் கம்பியருகே போய் நின்றேன். முதலில் ஜெட்டியின் வெள்ளைக் கூரை, பிறகு ஆட்கள் புள்ளி புள்ளியாக. வீட்டுக்காரரின் நீலச் சட்டையைத் தேடினேன், கிடைத்தது. பக்கத்தில் பெஞ்சு. பெஞ்சில் மகள். கையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. காகிதமா? போனா? படகு இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

ஐஸ்கிரீம்.

நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோனில் பாதி போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். என் மகளை எனக்குத் தெரியும். ஊசி போடாமல் அவள் ஒரு பருக்கைகூட வாயில் வைக்க மாட்டாள். சாப்பிடுகிறாள் என்றால் இன்சுலின் வந்துவிட்டது, உடம்புக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஜப்பானியக் குடும்பம் என்னைப் பார்த்துப் பதறி ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டியது. வாங்கி முகத்தைத் துடைத்தேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போன உயிர் திரும்பி வருவது என்று நாம் சும்மா சொல்கிறோம். அது உள்ளங்காலில் இருந்து ஏறி வருகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கி ஓடினேன். மகளைக் கட்டிப்பிடித்ததில் ஐஸ்கிரீம் என் சேலையில் ஒட்டியது. "அம்மா, ஐஸ்கிரீம்" என்றாள், இடைஞ்சலாக இருக்கிறேன் என்கிற குரலில். வேறு நாளாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் ஐஸ்கிரீமா என்று கத்தியிருப்பேன்.

நடந்ததை என் வீட்டுக்காரர் சொன்னார். மஞ்சள் தொப்பி அம்மா அந்தப் பக்க ஜெட்டியில் இறங்கி, போனில் பார்த்த பெண்ணைத் தேடியிருக்கிறார். கூட்டம் எல்லாம் போன பிறகும் நின்று பார்த்திருக்கிறார். யாரும் இல்லை என்றதும் பையைத் திறந்திருக்கிறார். மூடியின் உட்பக்கத்தில் என் மகள் ஒரு அட்டை ஒட்டியிருந்தாளாம், எனக்கே தெரியாது. எனக்குச் சர்க்கரை நோய், இது இன்சுலின், இது இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு, ஜப்பானிய எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கையால் வரைந்தது. அதைப் படித்ததும் அந்த அம்மா நேராக அந்த ஜெட்டியின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்தான் கூப்பிட்டது.

"பஸ் டிரைவர்ட்ட குடுத்து அனுப்பறோம்னாங்களாம். அந்தம்மா குடுக்கலையாம்" என்றார். "என் கையில குடுத்தது, நான்தான் குடுப்பேன்னு பஸ்ல ஏறி, மலையச் சுத்தி முக்கா மணி நேரம், மடியிலயே வச்சிக்கிட்டு வந்திருக்காங்க. பைய குடுத்த கையோட பாத்ரூமுக்கு ஓடினாங்க. பாவம், அதுவரைக்கும் போகலையாம்."

அந்த அம்மா கொண்டுவந்த துணி மூட்டைக்குள் தங்கை வீட்டுக்குப் பலகாரம். தங்கை தன் ஊர் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம்.

அந்த அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். நிழலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வருகிற படகு வரும்வரை இருந்து, என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கிட்டே போனதும் எழுந்தார். அவரைப் போலவே வளைந்து கும்பிடப் பார்த்தேன், பாதியில் வளைவு மறந்துவிட்டது, அவர் இரண்டு கையையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கை சில்லென்று இருந்தது. அவர் மெல்லக் கையை விடுவித்து, என் வீட்டுக்காரரின் போனைக் கேட்டு வாங்கி, வாயருகில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, மெதுவான குரலில், நடுநடுவே தலையைக் குனிந்து குனிந்து நீளமாகப் பேசினார். என்ன நல்ல வார்த்தை சொல்கிறாரோ என்று நான் உருகிப்போய் நின்றேன். போன் ஒரு நொடி யோசித்துவிட்டு, நம் ரேடியோச் செய்தி மாதிரி விறைப்பான தமிழில் வாசித்தது.

"தாயே, நான் உங்கள் மீது மிகவும் கோபமாக இருக்கிறேன். குழந்தையின் மருந்தை முன்பின் அறியாதவரிடம் கொடுக்கக் கூடாது. நான் மோசமான பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படகில் நான் தூங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு மிகவும் பயமாக இருந்தது. தயவுசெய்து இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்."

என் வீட்டுக்காரர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. மகள் ஐஸ்கிரீமை நக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அம்மாவை ஒருவர் திட்ட, அம்மா பதில் பேசாமல் நிற்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த அம்மா போனை மறுபடி வாயருகே கொண்டுபோனார். இன்னும் இருக்கிறது போல. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், சாயங்காலம் வரைக்கும் திட்டட்டும், நான் நின்று கேட்பேன் என்று இருந்தது.